சனிக்கிழமை சவுனா

ஐம்பதைத் தாண்டிய ஆண்களுக்கு ஏதாவது ஒரு கிறுக்குப் பிடிக்கும், இன்ஸ்பெக்டர் அம்மா. என் புருஷன் யோர்மாவுக்குக் காடு பிடித்தது. வாரமெல்லாம் டிரைவிங் ஸ்கூலில் பாடம் நடத்துவார். வெள்ளிக்கிழமை ஆனால் கத்தி, கோடரி, தார்ப்பாய், நாய் ஹல்லி. போன் கிடையாது. தீப்பெட்டிகூடக் கேவலமாம், இரும்பில் கல்லை உரசித்தான் தீ மூட்டுவார். இப்போது ஃபின்லாந்தில் பாதி ஆண்கள் இப்படித்தான் அலைகிறார்கள். சனிக்கிழமை சவுனாவுக்கு, அதான் நீராவிக் குளியலுக்கு, வீடு திரும்பிவிடுவார்.

போன வருஷம் ஒருநாள் வரவில்லை. பயந்துபோய் மீட்புப் படையைக் கூப்பிட்டேன். இருபது பேர் தேடிப் போனார்கள். அவர் சாவகாசமாகக் காபி காய்ச்சிக்கொண்டிருந்தாராம். வீட்டுக்கு வந்து அதையே வீடியோ எடுத்துப் போட்டுச் சிரித்தார். "எங்க வீட்டுக் கோழி இருக்கே, முட்டை போடறதுக்கு முன்னாடியே கொக்கரிக்கும்." நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். பால் வாங்கப் போனால் பின்னாலிருந்து யாராவது கொக்கரிப்பார்கள். அவரோ விரலை நீட்டி, "இனிமே நானா கேக்காம எவனையாவது கூப்பிட்டே, தெரியும் சேதி" என்றார்.

இந்தத் தடவை அவர் கேட்டார். அதை நான் மறைக்கவில்லை. சனிக்கிழமை மதியம் ஹல்லி தனியாக வந்தது. கழுத்துப்பட்டையில் பிர்ச் மரப்பட்டைச் சுருள், அதில் கரியால் எழுதியிருந்தது: "கால் ஒடிஞ்சிருச்சு. ஓடை வளைவுல இருக்கேன். சீக்கிரம் ஆள் அனுப்பு."

நாய்க்குக் கஞ்சி வைத்தேன். பிறகு சவுனா அடுப்பை மூட்டினேன். அந்தப் பட்டை ஈரமாக இருந்தும் குப்பென்று பற்றிக்கொண்டது.

ஐந்து மணிக்கு அவருடைய காட்டுக் கூட்டாளி பென்டி போன் செய்தார்.

"என்ன ரெய்லி, நம்ம காட்டுராஜா வந்து சேந்தாரா?"

"வந்துட்டார். சவுனாவுல இருக்கார்."

"அப்ப தொந்தரவு பண்ணல. நல்லா வேகட்டும்."

சவுனாவில் இருப்பவரை எங்கள் பக்கம் யாரும் கூப்பிட மாட்டார்கள். நானும் போய்க் குளித்தேன், சுகமாக இருந்தது. திங்கட்கிழமை டிரைவிங் ஸ்கூலுக்குப் போன் செய்து, அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை பென்டி வாசலில் வந்து நின்றதும், ஓடை வளைவில் பாருங்கள் என்றேன்.

உயிர் போனது செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்கிறீர்கள். காலுக்குக் குச்சி வைத்துக் கட்டி, தீ மூட்டி, பாசியைப் போர்த்திக்கொண்டு முழுசாக மூன்று நாள் தாங்கியிருக்கிறார். நான் ஒரு ராத்திரிதான் தாங்குவார் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்டிக்காரர் என்று எனக்குத் தெரியாது. அவரைக் குறைத்து எடைபோட்டது தப்புதான், அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.