தலைக்கூட்டுக்குச் சிக்கனமாக ஒரு பேட்டன்ட்

பேட்டன்ட் எடுக்கப் பணக்காரனாக இருக்க வேண்டியதில்லை, இன்ஸ்பெக்டர் அய்யா. ஊர்தான் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறது. எழுபத்திரண்டில் புதுச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து, துறைமுகத்துக்கு எதிரே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிற நான் எத்தனையோ பேருக்கு இலவசமாகச் சொல்லியிருக்கிறேன். வக்கீல் வேண்டாம், படத்தை நீயே வரை. முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு இடத்தைப் பிடி. பொருளைத் தெருத் தெருவாக விற்காதே, கம்பெனிக்கு உரிமம் கொடு. முக்கியமாக, விண்ணப்பம் போடும்வரை யாருக்கும் காட்டாதே. ஊர் பார்த்துவிட்டால் அது புதுசு இல்லை, சட்டம் கைவிரித்துவிடும்.

என் தங்கை கிருபையின் புருஷன் பர்னபாஸுக்கு மட்டும் இது மண்டையில் ஏறவில்லை. சங்கு குளிக்கிறவன். மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, கண்ணாடி பதித்து, தோளோடு வாரால் இறுக்குகிற ஒரு தலைக்கூடு செய்திருந்தான். தோணியில் இருப்பவர் காலால் பம்பை மிதித்தால் குழாய் வழியே காற்று இறங்கும். இடுப்பில் ஈயக்கட்டி இருப்பதால், மேலேயிருந்து கயிற்றை இழுத்தால்தான் ஏற முடியும். அருமையான வேலை. பம்பாய்க் கம்பெனி ஒன்று என் கடிதத்துக்கு உடனே பதில் போட்டது.

மாப்பிள்ளை சொன்னதைக் கேளுங்கள்.

“பேட்டன்ட் எதுக்கு மச்சான்? நம்ம பயலுவ மூச்சு முட்டிச் சாவுதானுவ. ஞாயித்துக்கிழம பூசை முடியவும் கடக்கரையில வச்சு எல்லாருக்கும் காட்டிருதேன். அவனவன் செஞ்சுக்கிடட்டும்.”

சும்மா கொடுக்கிறாராம், தர்மப் பிரபு. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்கவில்லை.

சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை சோதிப்போம் என்றேன். ரகசியம் என்பதால் தோணியில் நாங்கள் இருவர் மட்டும். முத்துக் குளித்த காலத்திலிருந்தே எங்கள் கடற்கரையில் கயிறு பிடிக்க மச்சானைத்தான் நிறுத்துவார்கள். கூடப்பிறந்தவள் தாலிக்காகவாவது விடமாட்டான் என்ற நம்பிக்கை. கிருபை கரையில் நின்று, “அண்ணன் பிடிச்சா எனக்குப் பயம் இல்ல” என்றாள். பாவம், நல்ல பிள்ளை.

அடக்கம் முடிந்ததும் நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். கண்டுபிடித்தவர் இறந்துவிட்டால் வாரிசு விண்ணப்பிக்கலாம்; அந்த உரிமையை வாரிசு அண்ணனுக்கு எழுதிக் கொடுக்கலாம். இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் பர்னபாஸ் பெயரைத்தான் டைப் அடித்தேன். அடுத்தவன் பெயரைத் திருடுகிற ஆள் இல்லை நான்.

கீழேயிருந்து கயிறு அசையவே இல்லை என்று முதலில் நான் சொன்னது பொய். என் உள்ளங்கையில் கயிறு அறுத்த தடத்தை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். இழுத்தான், பலமாகவே இழுத்தான். ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் கயிற்றை விட்டுவிட்டான் என்று கிருபை ஸ்டேஷன் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றுகிறாளாம். அது அபாண்டம், அய்யா. இழுப்பு அடங்கும்வரை நான் கயிற்றை விடவே இல்லை. பம்பிலிருந்து காலை மட்டும்தான் எடுத்தேன்.