எடுக்காமல் விட்ட சிரிப்பு

இரவு பதினொன்று நாற்பது. பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்கு வரும் வழியில், பாரிவாக்கத்தில் ஏரி ஓரமாக ஒரு துண்டு ரோடு இருக்கிறதே... அங்கே நாலு கம்பத்துக்கு ஒரு விளக்குதான் எரியும். அந்த ரோட்டில் ஒருவருடைய பைக் திடீரென்று நின்றுவிட்டது. டேங்கில் பெட்ரோல் இருந்தது. இருந்தும் நின்றுவிட்டது.

ஸ்வாதி, அந்த டார்ச்சை அணைத்துவிடு. கரண்ட் வரும்போது வரட்டும், நீ கதையைக் கேள்.

பைக்கில் வந்தவர் பெயர் வேம்புலி. இதோ, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்துகொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே பிரசன்னா, இவனுடைய சித்தப்பா. டிவி சீரியலில் இணை இயக்குநர். இந்தச் சேக்காட்டில்தான் வீடு. நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் பிரசன்னா திருத்தட்டும். திருத்த மாட்டான், பாருங்கள்.

வேம்புலி கிக்கரை உதைத்துக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு சத்தம். தொப்... கொஞ்சம் இடைவெளி... தொப். இரண்டு காலையும் சேர்த்துக் கட்டிவிட்டுக் குதிக்கச் சொன்னால் வருமே, அந்தச் சத்தம். கூடவே ஒரு வாசனை. வாடின ரோஜா மாலை, சாம்பிராணி, அதற்கு அடியில் மேக்கப் பவுடர்.

அந்தப் பவுடர் வாசனை வந்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்காமலே தெரிந்துவிட்டது... உலகநாதன்.

உலகநாதனை நீங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறீர்கள். பேர்தான் தெரியாது. பாரிவாக்கத்துக்காரர். முதலில் ஜமா என்கிற தெருக்கூத்துக் குழுவில் இருந்தார். பதினெட்டு வருஷம் கட்டியம் கூறி ராஜாவை உள்ளே அழைத்து வந்தார். ராஜா வேஷம் ஜமா சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான். இவருக்குத் தூதன், சேவகன், இல்லாவிட்டால் பின்பாட்டு. முன்னால் நிற்பவன் பாடியதைத் திருப்பிப் பாடியே தொண்டை போய்விட்டது.

பிறகு சீரியலுக்கு வந்தார். பக்கத்து வீட்டுக்காரர், தரகர், கல்யாணத்தில் மூன்றாவது வரிசை. ஒரு நாள் பிணமாக நடிக்க வேண்டியவர் வரவில்லை. இவரைப் படுக்க வைத்தார்கள். அன்றைக்குப் பிடித்தது. இரண்டு நிமிஷம் மூச்சை அடக்குவார், இமை அசையாது. அதற்கப்புறம் எந்த சீரியலில் எந்த அப்பா செத்தாலும் உலகநாதன்தான். நாற்பத்தொரு சாவு. நன்றாக வாழ்வது போல ஒரு சீன் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பாவிகள்.

ஆனால் அந்த வேலையில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவரை அப்படியே எழுந்துபோக விடமாட்டார்கள். கேமராவைப் பார்த்து அவர் ஒரு தடவை சிரிக்க வேண்டும். அதை எடுக்க வேண்டும். அப்போதுதான் அந்தச் சாவு அவரை விட்டுப் போகும்.

மற்றவர்களுக்கு அது திருஷ்டி கழிக்கிற காரியம். உலகநாதனுக்கு அப்படி இல்லை. முப்பது வருஷ நடிப்பில் அவர் முகத்துக்கென்று மட்டும் கேமரா வந்து நின்றது அந்தச் சில நொடிகள்தான். க்ளோசப். லைட் எல்லாம் அவர் மேல். மொத்த யூனிட்டும் கைதட்டும். அதற்காகத்தான் மனுஷன் செத்துக்கொண்டே இருந்தார் என்று அவர் மனைவி கண்ணம்மாவே சொல்லியிருக்கிறாள்.

நாற்பத்திரண்டாவது சாவு, பூந்தமல்லிப் பக்கம் ஒரு ஷூட்டிங் பங்களாவில். மூக்கில் பஞ்சு, நெற்றியில் காசு, தாடையைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியாயிற்று. ஐஸ் பெட்டிக்குள் படுத்திருக்கிறார். கதாநாயகி அழுதது சரியாக வரவில்லை. ஒன்பது டேக். மணி இரவு ஒன்பதை நெருங்கிவிட்டது. டைரக்டர் அப்போதே காரில் ஏறிவிட்டார். மிச்சத்தை முடித்து, 'பேக் அப்' சொல்லி எல்லாரையும் அனுப்ப வேண்டியவர் வேம்புலி.

பெட்டிக்குள்ளிருந்து உலகநாதன் குரல், கட்டிய வாயோடு.

"நைனா, அந்தச் சிரிப்ப எட்த்துட்டு பூடு. ஒரு நிமிசம்தான்."

வேம்புலி வாட்ச்சைப் பார்த்தார். "நாளிக்கி எட்த்துக்கலாம் அண்ணாத்தே."

"எட்க்காம நான் கட்ட அவுக்க மாட்டேன் நைனா."

யாரோ சிரித்தார்கள். லைட்டை அணைத்தார்கள். கிழவர் தானாக எழுந்து போவார் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

காலையில் வாட்ச்மேன் கதவைத் திறந்தபோது அவர் அதே பெட்டியில், அதே மாதிரி. தொட்டுப் பார்த்தார். உடம்பு சில்லென்று இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். புதிதாக எதையும் கட்ட வேண்டியிருக்கவில்லை... எல்லாம் கட்டியே இருந்தது. சீரியலுக்கு எடுத்த போட்டோவையே மாலை போட்டு வாசலில் வைத்தார்கள். வேம்புலி மாலையோடு போனார். கண்ணம்மா அழவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு நிமிசம் இல்லாம பூட்ச்சா உனுக்கு?"

அவ்வளவுதான் கேட்டாள்.

இது நடந்து பதினாறாம் நாள்தான் வேம்புலி அந்த ஏரி ஓரத்தில் நின்றது. தொப்... தொப்... சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. திரும்பினார். வெள்ளைக் கட்டுக்கு மேலே இரண்டு கண்கள். கோபம் இல்லை. லைட் எப்போது வரும் என்று காத்திருக்கிற நடிகனின் கண்கள்.

வேம்புலி போனை எடுத்தார். வீடியோவை அழுத்தினார். "ஆக்சன்... சிரி அண்ணாத்தே," என்றார். கட்டு நெகிழ்ந்து கீழே விழுந்தது. கிழவர் சிரித்தார். அழகான சிரிப்பு என்று பிரசன்னாவிடம் சொல்லும்போது சித்தப்பா அழுதாராம். பிறகு ரோட்டில் யாரும் இல்லை. பைக் ஒரே உதையில் கிளம்பியது.

வீட்டுக்கு வந்து வீடியோவைப் போட்டுப் பார்த்தார். பதற்றத்தில் செல்ஃபி கேமராவை அழுத்தியிருக்கிறார். பதினான்கு நொடியும் வேம்புலியின் முகம்தான். செத்த பிறகும் அந்த ஆள் பக்கம் கேமரா திரும்பவில்லை. எனக்கு இதை நினைத்தால் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் வருகிறது.

அன்று விடியும்வரை வேம்புலி வீட்டு வாசலில் தொப்... தொப்...

மறுநாள் ராத்திரி வேம்புலி அதே ஏரி ரோட்டுக்கு முறையாகப் போனார். பெரிய கேமரா, ஸ்டாண்டு, ஒரு லைட். கூட வருகிறேன் என்ற பிரசன்னாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இந்த முறை தப்பு நடக்காது என்றார்.

காலையில் பால் வண்டிக்காரர்தான் பார்த்தது. ரோட்டின் நடுவில் வேம்புலி மல்லாந்து படுத்திருந்தார். மூக்கில் பஞ்சு. நெற்றியில் காசு. தாடையில் வெள்ளைக் கட்டு, கால் விரல்களிலும் கட்டு. உயிர் இல்லை. எதிரே கேமரா, பேட்டரி தீர்ந்து நின்றிருந்தது.

அதில் இருந்ததைப் பிரசன்னா பார்த்திருக்கிறான். ஒரே ஒரு தடவை.

முதலில் வெறும் ரோடு. வேம்புலியின் குரல் மட்டும், "ஆக்சன்" என்று. யாரும் வரவில்லை. மறுபடி "ஆக்சன்." பத்து நிமிஷம் கழித்து வேம்புலியே கேமராவுக்கு முன்னால் வருகிறார், தூக்கத்தில் நடப்பவர் மாதிரி. படுக்கிறார். தன் கால் விரல்களைத் தானே கட்டிக்கொள்கிறார். தாடையையும். அசையாமல் கிடக்கிறார்... வெகுநேரம். அப்புறம் தலையை மட்டும் திருப்பி லென்ஸைப் பார்க்கிறார். கண்ணில் தண்ணீர். கட்டுக்குள்ளே உதடு துடிக்கிறது. சிரிக்கத் தயாராக இருக்கிறார்.

கேமராவுக்குப் பின்னால் நிற்க யாரும் கூடப் போகவில்லை. ஆனால் அங்கேயிருந்து ஒரு குரல் கேட்கிறது. தொண்டை போன குரல், நிதானமாக.

"நாளிக்கி எட்த்துக்கலாம் நைனா."

லைட் அணைகிறது.