உள்ளே யாரும் இல்லை

ஏசியைக் குறைக்க வேண்டாம் மேடம். எனக்குக் குளிர் ஒன்றும் செய்யாது. நாற்காலியும் வசதியாகத்தான் இருக்கிறது.

ஸ்டேஷனுக்கு நானாகத்தான் வந்தேன். யாரும் கூப்பிடவில்லை. செய்தித்தாளில் நான்கு வரி போட்டிருந்தார்கள். குளிர்கிடங்கில் மெக்கானிக் பலி, எச்சரிக்கைப் பக்கத்தில் ஏற்பட்ட மென்பொருள் கோளாறே காரணம் என்று. முதல் பாதி சரி. இரண்டாவது பாதி தவறு. அந்தப் பக்கத்தை எழுதியவள் நான். அதனால் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்.

பக்கம் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கஷ்டமே இல்லை. ஸ்கிரீனில் உங்களுக்கு ஒரு பக்கம்தான் தெரியும். ஆனால் அது ஒன்று இல்லை. பெரிய பக்கத்துக்குள் குளிர் அறைக்கு ஒன்றாகச் சின்னப் பக்கங்கள் இருக்கும். ஒவ்வோர் அறைப் பக்கத்துக்குள்ளும் அதைவிடச் சின்னதாக மூன்று பக்கங்கள். வெப்பநிலைக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று, அவசரப் பொத்தானுக்கு ஒன்று. சர்வர் எல்லாவற்றையும் கோத்து ஒன்றாக அனுப்பும். பார்க்கிறவருக்குத் தையல் தெரியாது.

பொத்தான்தான் முக்கியம். குளிர் அறையின் கதவு யாராவது உள்ளே இருக்கும்போது மூடிக்கொண்டால், அவர் அந்தப் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே பக்கத்தில் சிவப்பாக 'உள்ளே ஆள்' என்று வர வேண்டும். அழுத்தாதபோது பச்சையில் 'உள்ளே யாரும் இல்லை' என்று இருக்கும். முன்பு வெளியே ஒரு மணி இருந்தது. ஈரத்தில் அது தானாக அடிக்கிறது என்று கழற்றிவிட்டார்கள். பக்கம் இருக்கிறதே என்று சொன்னார்கள்.

சின்னப் பக்கத்தில் பிழை வந்தால் என்ன செய்வது என்பதுதான் இந்த வேலையில் உள்ள ஒரே சிக்கல். அந்தப் பக்கமே சமாளித்துக்கொள்ளலாம். முடியாவிட்டால் தன்னைச் சுமக்கிற பக்கத்துக்குத் தள்ளிவிடலாம். அது அதற்கு மேலே தள்ளும். கடைசியில் பெரிய பக்கம், ஏதோ சரியில்லை என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஆனால் அதற்குள் பெரிய பக்கத்தின் மேல்பாதி பார்க்கிறவரின் ஸ்கிரீனுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். போனதைத் திருப்பி வாங்க முடியாது. பாதிப் பக்கமும் அதன் அடியில் யாருக்கும் புரியாத நாலு வரியும் நிற்கும்.

எனக்கு ஒருமுறை அப்படி நின்றது. கிடங்கு மானேஜர், எங்கள் முதலாளி, இன்னும் ஆறேழு பேர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அறையோடு பக்கம் அறுந்துவிட்டது.

"என்னம்மா, உன் பக்கம் பாதி வழியில மயக்கம் போட்டுடுச்சு?" என்றார் மானேஜர். எல்லோரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லை. முதலாளியும் சிரித்தார். பிறகு கார் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் அக்காவுக்கு முகத்தைப் பார்த்தே தெரிந்துவிட்டது. நான் அக்கா வீட்டில் இருக்கிறேன். ஹாலில் படுத்துக்கொள்வேன். குளியலறைக்குப் போக அக்காவும் அத்தானும் தூங்குகிற அறையைத் தாண்ட வேண்டும். கதவு சாத்தியிருந்தால் காத்திருப்பேன். தட்ட மாட்டேன். தட்டினால் யாரும் திட்ட மாட்டார்கள். இருந்தாலும் என்னால் தட்ட முடியாது.

"இந்த வேலையும் போச்சுன்னா இப்பவே சொல்லிடு. உங்க அத்தானோட சித்தப்பா பையன் இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருக்கான். அவனுக்கு மட்டும் என்னடி குறைச்சல், கொஞ்சம் கோபம் வரும், அவ்வளவுதானே" என்றாள் அக்கா.

முந்தைய வேலை எப்படிப் போனது என்பது இங்கே தேவையில்லை.

மறுநாள் நான் அறைப் பக்கத்தில் ஓர் இடம் எழுதினேன். உள்ளேயிருந்து எந்தப் பிழை வந்தாலும் அந்த இடம் பிடித்துக்கொள்ளும். மேலே அனுப்பாது. எங்கும் எழுதியும் வைக்காது. பிழை வந்த இடத்தில், நான் முன்கூட்டியே போட்டு வைத்த வார்த்தைகள் அப்படியே நிற்கும். 'உள்ளே யாரும் இல்லை.' ஏதாவது ஒன்று போட வேண்டும் இல்லையா. பெரும்பாலான நேரம் அதுதான் உண்மை.

அதன் பிறகு பக்கம் ஒரு தடவைகூட அறுந்ததில்லை. "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு" என்றார் முதலாளி.

மெக்கானிக் அண்ணனைப் பற்றி நீங்கள் விசாரித்திருப்பீர்கள். நல்ல மனிதர். அலுவலகத்தில் எல்லோரும் எனக்கு 'மியூட்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவர் மட்டும்தான் தங்கச்சி என்று கூப்பிடுவார். மூன்றாம் அறைப் பொத்தான் பனியில் கெட்டுப்போய், அவர் புதிதாக ஒன்று மாட்டினார். மாட்டிவிட்டு, வாட்ச்மேனை ஸ்கிரீன் முன்னால் உட்கார வைத்து, உள்ளே போய் அழுத்திப் பார்த்திருக்கிறார். சிவப்பு வரவில்லை. வாட்ச்மேன் கதவைத் திறந்து விட்டாராம். அந்த அறையின் உள்கைப்பிடியும் இறுகிக் கிடந்தது, வெளியிலிருந்துதான் திறக்க முடியும். கைப்பிடிக்குப் புதுப் பாகம் சொல்லியிருந்தார்கள்.

அவர் மானேஜரிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்தார்.

"தங்கச்சி, உன் பக்கத்துக்கும் உனக்கும் ஒரே குணம். என்ன நடந்தாலும் வாயைத் திறக்க மாட்டேங்குது" என்றார். "நாளைக்குப் பெரிய பார்ட்டி பார்க்க வர்றாங்க. அவங்க முன்னாடி இது பல்லைக் காட்டிடப் போகுது. லீவு நாள்னாலும் பரவாயில்லை, இன்னிக்கே உட்கார்ந்து முடிச்சிடுவோம்."

"அவங்ககிட்ட சொல்லிடாதீங்க அண்ணே" என்றேன்.

"சரியாகலேன்னா சொல்லித்தானே ஆகணும்? ஆள் உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்றது? நானே பேசிக்கிறேன், நீ பயப்படாதே. நாலு பேர் சிரிப்பாங்க. சிரிச்சா என்ன, உயிரா போயிடும்?"

அவருக்குத் தெரியாது. அவர் வாய்விட்டுப் பேசுகிற மனிதர்.

கிடங்கில் அன்று வாசலில் வாட்ச்மேன், உள்ளே நாங்கள் இருவர், அவ்வளவுதான். நான் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறைக்கு எதிரிலேயே மூன்றாம் அறை. நடுவில் ஒரு நடைபாதை. கதவு மூடியிருந்தால்தான் பொத்தான் வேலை செய்யும், போகிற வருகிறவர்கள் கைபட்டு வீணாகச் சிவப்பு வரக் கூடாது என்பதற்காக. அதனால் அவர் உள்ளே போய் நின்று, நான் வெளியிலிருந்து மூட வேண்டும். கனத்த கோட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன். அதைச் சொன்னேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"ரெண்டு நிமிஷத்துக்கு எதுக்கும்மா கோட்டு? வீட்டுக்காரி சீலிங்குக்குப் பெயின்ட் அடிக்க ஏணியோட நிக்கிறா. அதுக்கு இந்தக் குளிரே தேவலாம்" என்றார். போனை என் மேஜையில் வைத்தார். "சிவப்பு வந்தாலும் திற, வரலேன்னாலும் திற. மியூட்டுன்னு பேரு வாங்கினவ, மறந்துட்டு உட்கார்ந்துடாதே" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார். அன்றைக்குத்தான் அவரும் அந்தப் பெயரைச் சொன்னார். நான் கதவை மூடினேன்.

சிவப்பு வரவில்லை.

அப்போது திறந்திருக்கலாம். அதைத்தான் கேட்கப் போகிறீர்கள். திறந்தால், வரவில்லை என்று நான் சொல்ல வேண்டும். அவர் சரி என்பார், நாளைக்குச் சொல்லிவிடுவோம் என்பார். அதுவரைக்கும் அவர் சொன்னது ஒரு பேச்சு. திறந்த பிறகு அது உறுதியாகிவிடும். என்ன பிழை என்று மட்டும் பார்த்துக்கொண்டு திறக்கலாம் என்று தோன்றியது. அதில் நியாயம் இருந்தது. அவர் உள்ளே இருந்து அழுத்தினால்தானே பிழை வரும். வெளியே வந்துவிட்டால் எதை வைத்துப் பார்ப்பது?

பிழைகளைப் பிடித்துக்கொள்கிற அந்த இடத்தை எடுத்தேன். அடுத்த முறை அவர் அழுத்தியபோது பிழை மேலே வந்தது. அதைப் பார்ப்பதற்கே எனக்குக் கூச்சமாக இருந்தது. பழைய பொத்தான்கள் சும்மா இருந்தால் பூஜ்யம் அனுப்பும், அழுத்தினால் ஒன்று அனுப்பும். இந்தப் புதுப் பொத்தான் அழுத்தினால் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்தை அனுப்பியது. எண்ணை எதிர்பார்த்த பக்கம் எழுத்தைக் கண்டு விழுந்துவிட்டது. அதாவது, யாரும் அழுத்தாதவரை பக்கம் நன்றாக இருக்கும். யாராவது அழுத்தினால்தான் பொய்யாக 'உள்ளே யாரும் இல்லை' என்று சொல்லும்.

ஆனால் இப்போது ஸ்கிரீனில் பாதிப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. இரண்டாம் அறையோடு அறுந்து, அடியில் புரியாத வரிகளோடு. அவர் வெளியே வந்ததும் முதலில் ஸ்கிரீனைத்தான் பார்ப்பார். அவரை அப்படிப் பார்க்க விட எனக்கு மனம் வரவில்லை. முதலில் பக்கத்தைப் பார்க்கிற மாதிரி ஆக்கிவிட்டுத் திறக்கலாம் என்று நினைத்தேன்.

அவர் தட்ட ஆரம்பித்தார். அந்தக் கதவு கனமானது மேடம். தட்டுவது தட்டுகிற மாதிரி கேட்காது. மேல்வீட்டில் யாரோ மெத்தை உதறுகிற மாதிரி இருக்கும். அவசரப்படுத்தினால் எனக்குக் கை ஓடாது. அவசரத்தில் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டேன், அதைத் தேட வேண்டியிருந்தது. மேஜையில் அவர் போன் அடித்தது. 'வீட்டுக்காரி' என்று வந்தது. எனக்கு அறிமுகம் இல்லாதவர்களிடம் போனில் பேச வராது. கவிழ்த்து வைத்தேன். மறுபடியும் அடித்தபோது டிராயரில் போட்டேன்.

வேலை முடியும்போது நேரமாகிவிட்டது. எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.

சாயங்காலம் விளக்குப் போட வாட்ச்மேன் வந்தார். "அண்ணன் எங்கம்மா?" என்றார். ஸ்கிரீனை அவர் பக்கம் திருப்பினேன். எல்லா அறைகளும் பச்சையாக இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் படித்தார். "நான் சாப்பிடப் போன நேரத்துல கிளம்பிட்டார் போல. சொல்லிட்டாவது போகக் கூடாதா மனுஷன்" என்றார். இரவு அண்ணனின் வீட்டில் இருந்து போன் வந்தபோதும் அதையே சொன்னாராம். அவரைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்தைப் பார்த்துத்தான் சொன்னார். அந்த நேரத்தில் பக்கம் சொன்னது பொய்யும் இல்லை என்று நினைக்கிறேன்.

காலையில் வந்த பெரிய பார்ட்டிதான் முதலில் பார்த்தார்கள். மூன்றாம் அறையைத் திறந்து காட்டச் சொன்னார்களாம்.

நீங்கள் கையில் வைத்திருப்பது என்ன என்று தெரிகிறது. அதுவும் நான் எழுதினதுதான். சிவப்பு எப்போது வந்தது, அதை யார் கவனித்தார்கள் என்று சர்வர் குறித்துவைக்கும். அன்று மூன்றாம் அறையில் ஒருமுறை சிவப்பு வந்திருக்கிறது. யாரோ 'பார்த்துவிட்டேன்' என்பதை அழுத்தி அதை அணைத்திருக்கிறார்கள். அழுத்தினால்தான் மறுபடி பச்சையாகும். அது யார் என்று கேட்கிறீர்கள்.

நான்தான்.

திருத்தம் முடிந்தபோது அவர் இருந்தார். அவர் அழுத்தினார், சிவப்பு வந்தது. 'மூன்றாம் அறை, உள்ளே ஆள்.' எழுத்து நடுவில் நின்றது, எங்கும் அறுபடவில்லை. அதனால்தான் சொல்கிறேன், மென்பொருளில் கோளாறு இல்லை. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அணைத்தேன்.

திறக்க எழுந்தேன் மேடம், நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கூட விட்டேன். அப்புறம் உட்கார்ந்தேன். ஒரு தடவை சரியாக வந்தால் போதாது. முதல் தடவை எது வேண்டுமானாலும் வரும். இரண்டாவது தடவையும் வந்தால்தான் சரியாகிவிட்டது என்று அர்த்தம். நாளைக்கு அத்தனை பேர் முன்னால் நிற்கப் போகிறது. இரண்டாவது தடவை பார்ப்பதற்கு அவர் உள்ளே இருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கதவைத்தான் தட்டிக்கொண்டிருந்தார். தட்டுவது பக்கத்தில் வராது, அது அவருக்கும் தெரியும். மெதுவாகத் தட்டினார், விட்டு விட்டுத் தட்டினார், பிறகு தட்டவில்லை. பொத்தான் அவர் கைக்கெட்டுகிற உயரத்தில்தான் இருந்தது, அவரே மாட்டியது. இன்னும் ஒரே ஒரு தடவை அழுத்தியிருந்தால் உடனே திறந்திருப்பேன்.