பெண் பார்க்க வந்த பட்டறைக் கண்ணாடி

பிள்ளையார்பட்டி போகும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவள் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தாள். இளையவள் பக்கத்து வீட்டுக்காரி.

"பட்டறைக் கண்ணாடியோடவா பொண்ணு பார்க்க வந்தாரு?" என்று இளையவள் கேட்டதில் என் தூக்கம் கலைந்தது.

"ஆமாடி. மாப்பிள்ளைக்கு இரும்புப் பட்டறையில சாணை பிடிக்கிற வேலை. கண்ணுல பொறி தெறிக்காம இருக்கப் போடுற கண்ணாடியை நேரமாயிருச்சுன்னு கழட்ட மறந்து அப்படியே சைக்கிள்ல வந்துட்டாரு. நாங்கள்லாம் சிரிச்சுட்டோம்."

"உங்க வீட்டுக்கார அண்ணன் என்னக்கா சொன்னாக?"

"அவுக மட்டும் சிரிக்கலை. கல்லுடைக்கையில சில்லுத் தெறிச்சு ஒரு கண்ணு போனவுகல்ல! 'பட்டறையில எல்லாரும் இதைப் போடுறீகளா?'ன்னு கேட்டாக. 'நான் மட்டுந்தேன். மத்தவுக கேலி பண்ணுவாக'ன்னாரு. 'கேலிக்குப் பயந்து கழட்டலையே, இந்த மாப்பிள்ளை போதும்'னு அப்பவே வெத்தலை பாக்கை எடுத்துட்டாக."

"பொண்ணு?"

"கதவுக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு, 'அப்பா, இப்ப மட்டும் கழட்டச் சொல்லுங்க, மூஞ்சியை நான் பார்க்க வேணாமா?'ங்கிறா!"

"கழட்டுனாரா?"

"கழட்டுனாரு. மூஞ்சியெல்லாம் ஒரே கரி, கண்ணைச் சுத்தி மட்டும் பளிச்சுன்னு இருக்கு. ஒரு பார்வை பார்த்தா. 'கண்ணு நல்லாருக்குப்பா'ன்னுட்டு உள்ள ஓடிட்டா."