ஒம்பது வாட்ஸ் வெயில்

...மருந்து எழுதித் தருவாருன்னு பார்த்தா லைட்டு எழுதித் தந்திருக்காரு சார் அந்த டாக்டர்! இந்தாங்க, நீங்களே சீட்டைப் பாருங்க. மாத்திரை இல்ல, டானிக் இல்ல. ஒரு பல்பு, ஒரு டியூப். இதோட மூணாவது எலக்ட்ரிக் கடை. முதல் கடையில சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இது மெடிக்கல் ஷாப்ல கேக்கணும்"ங்கறான். மெடிக்கல் ஷாப்ல பல்பு கேட்டா வெளிய தள்ள மாட்டான்? இந்தக் கடைக்காரர் தேவல. "மேல பரண்ல ஒரு பெட்டி கெடக்கு, பார்க்கறேன்"னு ஏணியில ஏறிட்டாரு. ஏறி கால் மணி நேரம் ஆச்சு. இதுவரைக்கும் தூசிதான் கீழ வந்திருக்கு.

நீங்க என்ன, ஃபேன் ரெகுலேட்டரா? அட, அது ஒண்ணும் உயிர் போற சமாச்சாரம் இல்ல. உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துக்கோங்க.

யாருக்கு உடம்பு சரியில்லைன்னு கேக்கறீங்களா? மாப்பிள்ளைக்கு.

ஐயோ, அப்படிப் பார்க்காதீங்க! நெஜ மாப்பிள்ளை இல்ல. ஓணான். வெளிநாட்டு ஜாதி. இவ்ளோ நீளம், வால் தனி. கழுத்துக்குக் கீழ தாடி மாதிரி முள்ளு முள்ளா இருக்கும். கோவம் வந்தா அந்தத் தாடி உப்பிக் கறுத்துப் போயிடும். என் பொண்ணு வளர்க்குது. கல்யாணப் பேச்சு எடுத்த அன்னிக்கு இதைத் தூக்கிட்டு வந்து கூடத்துல வெச்சா. என் வீட்டுக்காரி பார்த்தா. "சரி, மாப்பிள்ளை வந்தாச்சு"ன்னா. பேர் அப்படியே நெலச்சிடுச்சு. பொருத்தமும் அப்படி சார்! வேலை வெட்டி கெடையாது. காலையில எழுந்து கல்லு மேல ஏறி உக்காந்துக்குவாரு. கீரையைப் பொடியா நறுக்கி முன்னால வைக்கணும். தட்டு வர ரெண்டு நிமிஷம் லேட்டானா அந்த முறுக்கு! ஊர்ல எந்தச் சம்பந்திகிட்டயும் அப்படி ஒரு முறுக்கு நான் பார்த்ததில்ல.

பொண்ணுக்கு வெளியூர்ல வேலை. ஒரு வருஷத்துக்கு. ஹாஸ்டல்ல ஓணானைச் சேர்க்க மாட்டாங்களாம். எங்ககிட்ட விட்டுட்டுப் போயிட்டா. போறப்ப கண்ணாடித் தொட்டி மேல ஒரு தாளை ஒட்டினா பாருங்க. கீரை எத்தனை மணிக்கு, தண்ணி எத்தனை மணிக்கு, புழு வாரத்துல எத்தனை நாள்... எல்லாத்துக்கும் கீழ சிவப்புல, "அப்பா லைட்டைத் தொடக்கூடாது." எப்படி இருக்கும் எனக்கு? முப்பத்தொரு வருஷம் சார், கரண்டு ஆபீஸ்ல மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான்! வாசல்ல நின்னு மீட்டர் ஓடற வேகத்தைப் பார்த்தே உள்ள கிரைண்டர் ஓடுதா, கீஸர் ஓடுதான்னு சொல்லுவேன். என்னைப் போய் லைட்டைத் தொடாதேன்னா?

சரி, தொடலை. பார்க்கக் கூடாதுன்னு எழுதலையே. பார்த்தேன். நூறு வாட்ஸ்ல ஒரு சூடான பல்பு. பக்கத்துல நாப்பது வாட்ஸ்ல ஒரு யூ.வி. டியூப். தெனம் பன்னெண்டு மணி நேரம்! ஒரு நாளைக்கு ஒண்ணேமுக்கால் யூனிட் சார், கொஞ்சம் கொறையும். நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து ஒரு லைட்டைப் பங்கு போட்டுக்கறோம். என் வீட்டுக்காரி குளியலறைக்குள்ள இருக்கறப்பவே வெளியிலேர்ந்து நான் லைட்டை அணைச்சிருக்கேன், பழக்க தோஷம். அவளும் உள்ளேர்ந்து கத்துவா. இவரு என்னடான்னா கல்லு மேல சாஞ்சுக்கிட்டு வெயில் காயறாரு! வாயைத் தொறந்து வெச்சுக்கிட்டு வேற!

அப்புறம்... லைட்டு மாறிடுச்சு.

எப்படி மாறுச்சுன்னா, வீட்டுல மாத்தினாங்க. அதை விடுங்க சார். சூடு பல்பு, டியூப் ரெண்டும் போயி, ஒம்பது வாட்ஸ் எல்.இ.டி. ஒண்ணு வந்துச்சு. நல்ல கம்பெனி பல்புதான். பளிச்சுன்னு இருந்தது. மாப்பிள்ளை மேல இருக்கற ஒவ்வொரு முள்ளும் தெரிஞ்சுது. முன்னாடி இருந்ததைவிட வெளிச்சம். நான் வாசலுக்குப் போய் மீட்டரைப் பார்த்தேன். அப்படியே மெதுவா, அசந்து தூங்கற கொழந்தை மூச்சு விடற மாதிரி... ஆகா! அன்னிக்கு எனக்கு ரெண்டு தோசை கூட எறங்குச்சு.

நாலு நாள்ல கீரையைத் தொடல. ஏழாவது நாள் புழுவைத் தொடல. உடம்பு கறுத்துப் போச்சு. கல்லு மேல ஏறலை, மூலையில போய் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் படுத்துட்டாரு. நான் சொன்னேன், பொண்ணு ஞாபகம்னு. "பாசம் இருக்காதா பின்ன?"ன்னேன். என் வீட்டுக்காரி பொண்ணோட பழைய துப்பட்டாவை எடுத்து உள்ள விரிச்சா. ம்ஹூம். பூசணிக்காயைத் துருவி விரல்ல வெச்சு ஊட்டிப் பார்த்தா. ம்ஹூம். ஞாயித்துக்கிழமை பொண்ணு வீடியோ கால்ல வந்து, "மாப்பிள்ளை எங்கப்பா?"ன்னா, நான் போனைத் தள்ளிப் புடிச்சு, "தூங்கறாரும்மா, எழுப்பாதே." அடுத்த ஞாயிறும் தூக்கம். மூணாவது ஞாயித்துக்கிழமை அவ கேக்கறா, "ஏம்ப்பா, எப்பப் பார்த்தாலும் தூங்கறாரு?" நான் சொல்றேன், "வயசாகுதில்ல?" ரெண்டு வயசு சார் அதுக்கு!

இன்னிக்குக் காலையில கையில எடுத்தேன். சில்லுனு இருந்தது. கண்ணைக்கூடத் தொறக்கல. எனக்கு... எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு சார். துண்டுல சுத்திக்கிட்டு ஓடினேன். செருப்பைக் கால் மாத்தி மாட்டியிருக்கேன், கால்நடை ஆஸ்பத்திரியில போய்த்தான் பார்க்கறேன்.

டாக்டர் தொட்டுப் பார்த்தாரு. "தொட்டியில என்ன லைட்டு போடறீங்க?"ன்னாரு. எனக்குப் பிடிச்ச விஷயத்தைக் கேட்டுட்டாரேன்னு போன்ல போட்டோ காட்டினேன். "இந்த லைட்டுக்கு அடியில கையை வெச்சா சுடுமா?"ன்னாரு. நான் நிமிந்து உக்காந்து சொல்றேன், "சுடவே சுடாது டாக்டர்! அதானே இதோட விசேஷம்!" அந்த மனுஷன் கண்ணாடியைக் கழட்டினாரு. தொடைச்சாரு. மறுபடி மாட்டினாரு. "சார், அடுப்பு மாதிரி படம் வரைஞ்சு அது மேல பானையை வெச்சா சோறு வேகுமா?"ன்னாரு.

அதுக்கு உடம்புக்குள்ள சூடு கெடையாதாம் சார். நமக்கு உள்ளயே அடுப்பு எரியுது. அது வெளியிலேர்ந்துதான் வாங்கிக்கணும். சூடு இல்லாட்டி தின்னது செரிக்காது. செரிக்காதுன்னு அதுக்கே தெரிஞ்சுதான் தின்னாம கெடந்திருக்கு. நான் பொண்ணு ஞாபகம்னு நெனச்சேன்! அந்த யூ.வி. டியூப் எலும்புக்காம். அது இல்லாட்டி எலும்பு ரப்பரா போயிடும். "ஜன்னலோரம் வெச்சா வெயில் வருமே டாக்டர், கரண்டே வேணாமே?"ன்னு அப்பவும் கேட்டேன், புத்தி போகுமா? ஜன்னல் கண்ணாடி வெயில்ல இருக்கற அந்த யூ.வி.யை உள்ள விடாதாம். நல்லவேளை, இன்னும் எலும்பு கெடலைன்னாரு. சாயங்காலத்துக்குள்ள சூடு குடுக்கணும்னாரு. இப்ப வீட்டுல வெந்நீர்ப் பையைத் துண்டுல சுத்தி, அது மேல அவரை வெச்சு, மடியில போட்டுக்கிட்டு என் வீட்டுக்காரி உக்காந்திருக்கா. எழுந்து தண்ணி குடிக்கக்கூட மாட்டேங்கறா.

பழைய பல்பையே போடலாமேன்னு கேக்கறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். எல்லாரும் அங்கதான் வந்து நிக்கறாங்க. அது... பழைய சாமான் வாங்க வர்றவர்கிட்ட போயிடுச்சு. வீட்டுல திரும்ப மாட்டிடுவாங்களோன்னு அன்னிக்கே குடுத்தாச்சு.

யாரு குடுத்தாங்களா? வீட்டுல ரெண்டே பேரு சார். அவ இன்னிவரைக்கும் ஒரு பல்பைத் தொட்டதில்ல.

நான்தான்.

நான்தான் சார். ஸ்டூல் போட்டு ஏறி, அந்தச் சிவப்பு எழுத்துக்கு மேலயே கையை ஊனிக்கிட்டு, நானே கழட்டினேன். அவரு கல்லு மேலேர்ந்து தலையைச் சாச்சு என்னைப் பார்த்துக்கிட்டே இருந்தாரு. ஏதோ நல்லது பண்றேன்னு நெனச்சிருப்பாரு.

கூத்து என்னன்னா, அந்த டாக்டர்தான் வழியும் சொன்னாரு. எல்.இ.டி. இருக்கட்டும், வெளிச்சத்துக்கு அது நல்லதுதான்னாரு. சூட்டுக்கு நூறு வேணாம், அம்பது வாட்ஸ் ஹாலஜன் போதும், கல்லுக்குக் கொஞ்சம் பக்கமா எறக்கி மாட்டுங்கன்னாரு. தொட்டிக்கு மூணு பக்கமும் தெர்மாகோல் ஒட்டினா சூடு வெளிய ஓடாது. போதுமான சூடு வந்ததும் தானா கொறைச்சுக்க ஒரு கருவி. யூ.வி. டியூப் இருபத்தி நாலு வாட்ஸ், வலை மூடிக்கு மேல. நான் ஆஸ்பத்திரி பெஞ்சுலயே கூட்டிப் பார்த்தேன். எம்பத்தி மூணு வாட்ஸ். பன்னெண்டு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குள்ள அடங்குது சார்! ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருந்தா மாப்பிள்ளையும் நல்லா இருந்திருப்பாரு, மீட்டரும் நல்லா இருந்திருக்கும்.

இருங்க, போன்... பொண்ணு சார். ஞாயித்துக்கிழமைகூட இல்லையே இன்னிக்கு. அவ அம்மா சொல்லிட்டா போலிருக்கு. எடுக்கட்டுமா? அடிக்கட்டும்னு விட்டுடவா? நீங்க என்ன சொல்றீங்க? ...சரி, எடுக்கறேன்.

ஹலோ... ஆமாம்மா. ஆமா. இல்ல, தூங்கலை. இத்தனை நாளும் தூங்கலை. நான்தான்மா மாத்தினேன். அம்மாவைத் திட்டாதே, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. ...ம். ...ம். இப்பக் கண்ணைத் தொறந்துட்டாராமா? கடையிலதான் இருக்கேன். ...என்னது? சனிக்கிழமை வந்து எடுத்துட்டுப் போறியா? எங்க எடுத்துட்டுப் போவே, ஹாஸ்டல்ல விட மாட்டாங்களே... சிநேகிதி வீட்டுலயா? வேணாம்மா. நான் சொல்றதைக் கேளு. நான் ரிடையர் ஆனதுலேர்ந்து காலையில பேப்பரை எடுத்துக்கிட்டு அவரு பக்கத்துலதான்மா உக்காரறேன். அந்த மூலை காலியா இருந்தா நான் எங்க போய் உக்காருவேன், சொல்லு? மீட்டர் பக்கமே போக மாட்டேன். மீட்டர் பொட்டியையே பூட்டிச் சாவியை உங்கம்மாகிட்ட குடுத்துடறேன். ...அழாதேம்மா. ...சரி. ...சரிம்மா.

வெச்சிட்டா. "முதல்ல லைட்டைப் போடு, அப்புறம் பேசலாம்"ங்கறா.

அண்ணே! மேல என்ன, கிடைச்சுதா? கிடைச்சிடுச்சா! எறங்குங்க, மெதுவா... டியூப் பத்திரம், டியூப் பத்திரம்! இங்க குடுங்க, நான் புடிச்சுக்கறேன். பல்பை டெஸ்ட் பண்ணிக் காட்டுங்க. எரியுது. கையை வெக்கறேன்... ஆ! சுடுது! நல்லா சுடுது! கட்டிக் குடுங்கண்ணே, சீக்கிரம்.

என்ன சார், நீங்களும் எழுந்துட்டீங்க? ஏதோ சொல்ல வர்றீங்க போலிருக்கே... உங்க வீட்டுலயும் ஒரு ஆமையா? அடடே! அதுக்கு என்ன லைட்டு போடறீங்க?

இல்ல, வேணாம் சார், தப்பா நெனச்சுக்காதீங்க. இன்னொரு நாள் சாவகாசமா பேசலாம். வீட்டுல மாப்பிள்ளை குளிர்ல இருக்காரு, எனக்கு நின்னு பேச நேரமில்ல.