தொட்டியின் நான்கு மணி நேர இருட்டு

காலை ஆறு மணிக்கு எழுகிறேன். பல் தேய்க்கிறேன். ஒரு டம்ளர் காபி போடுகிறேன். இரண்டு டம்ளருக்குப் பால் காய்ச்சும் பழக்கம் போன மாதம்தான் விட்டது. மீன்களுக்கு ஒரு சிட்டிகை தீனி. ஏழு மணிக்கு டைமர் சொடுக்கும், தொட்டி விளக்கு எரியும். இப்போது இருப்பது வளர்ப்பு மீன் கடையில் வாங்கியது, தண்ணீர் புகாதது. இதையே முதலில் வாங்கியிருக்கலாமே என்பீர்கள். வாங்கியிருக்கலாம்.

துணிக்கடைகளுக்கு விளக்கு அமைப்பது என் தொழில். கடைக்குள் மாம்பழ மஞ்சளாக ஜொலிக்கும் துணி, வாசல் வெயிலில் வாழைப்பழத் தோலாகத் தெரிந்தால் அது என் கைவண்ணம். அப்படிப்பட்டவனிடம் போய், "தொட்டிக்கு ஒரு லைட் பாரேன்" என்று என் மனைவி சொன்னாள். அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

தொட்டி அவளுடையது. நாலடி நீளம், ஆறு இன மீன்கள், நடுவில் காடு மாதிரி செடிகள். கூட்டுக் குடித்தனம் என்பாள். அடியில் மண்ணைக் கிளறிக்கொண்டே இருக்கும் மீசைக்கார மீனுக்கு மாமனார் என்று பெயர் வைத்திருந்தாள். என் அப்பா வந்தால் மட்டும் அது மீசைக்காரராகிவிடும்.

விளக்கு பார்த்தேன். மஞ்சள் வெளிச்சத்தில் செடிகள் வெந்த கீரையாகின. நீலம் கலந்த வெள்ளையில் மீன்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பது போல இருந்தன. கடைசியில் எங்கள் கிடங்கிலிருந்து ஒரு ஃப்ளட் லைட்டைக் கொண்டுவந்தேன். சிவப்புத் துணிகளுக்கு என்றே செய்தது, இரும்புக் கூடு. தொட்டியின் கண்ணாடி மூடியைக் கழற்றிவிட்டு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டேன். மூலையில் இருந்த செடி ஒன்று ரத்தச் சிவப்பில் எரிந்தது. நான் கைதட்டினேன். தனியாக நின்று கைதட்டினேன்.

அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். "மீனுக்கு இமை கிடையாதுடா. கண்ண மூடத் தெரியாததுங்க மேல டார்ச் அடிக்கிற."

"ஒரு மாசம் குடு. அந்தச் செடி மொத்தமும் செவக்கும்."

"செவக்கலன்னா?"

"கழட்டி வீசிடு."

வெளிச்சம் மிஞ்சினால் பாசி பிடிக்கும். அதனால் செடி வளர்ப்பவர்கள் நடுவில் இருட்டு விடுவார்கள். எங்கள் தொட்டிக்குப் பதினொன்றிலிருந்து மூன்று வரை இருட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்தில்தான் அவள் தண்ணீருக்குள் கைவிட்டு இலை நறுக்குவாள்.

இரண்டாவது வாரம் வீட்டின் ட்ரிப் சுவிட்ச், கரண்ட் கசிந்தால் தானாகவே விழுந்து மின்சாரத்தை நிறுத்துவது, அடிக்கடி விழ ஆரம்பித்தது. ஈரக்காற்று விளக்குக்குள் புகுந்திருந்தது. அந்த சுவிட்சை மாட்டியவர் அவளுடைய அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். போனில் சொன்னார்: "மாப்ள, அது சும்மா விழாது. ஏதோ சொல்லுது, காது குடுத்துக் கேளுங்க."

"சரி மச்சான்" என்றேன். விளக்கின் இணைப்பை ட்ரிப் சுவிட்சுக்கு வெளியே கொண்டுபோனேன். பதினைந்து நிமிட வேலை. அதற்குப் பிறகு விழவில்லை. மூன்று நாள் கழித்துக் கூட்டைத் துடைக்கும்போது விரலில் எறும்பு கடித்த மாதிரி இருந்தது. சொன்னால் விளக்கு போய்விடும். சொல்லவில்லை.

மாதக் கடைசி. செடி பாதி சிவந்திருந்தது. பாதிதான்.

"தோத்துட்ட" என்றாள். "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இருட்டு நேரத்துல நானே கழட்டிடறேன். மாமனாரும் ஒத்துக்கிட்டாரு."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். நாங்கள் சண்டை போட்டதே இல்லை. வேண்டுமானால் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. அவள் மேலே இருந்து, எட்ட நின்றுதான் அந்த வெளிச்சத்தைப் பார்த்திருந்தாள். முகம் தண்ணீருக்கு அருகில், கை செடிக்குள் இருக்கும்போது சட்டென்று விளக்கு எரிந்தால்? திரை விலகுவது போல இருக்கும். கழற்ற மனம் வராது. யோசிக்க யோசிக்க எனக்குத் தலை கிறுகிறுத்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள்கூட அப்படி இருந்ததில்லை. மூன்று மணி என்று இருந்த டைமரைப் பதினொன்றே கால் ஆக்கினேன்.

ஞாயிறு பதினொன்றுக்கு விளக்கு அணைந்தது. அவள் முதலில் மாமனாரின் பக்கம் இரண்டு இலைகளை நறுக்கினாள். பிறகு இடது கையைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு, வலது கையால் விளக்கின் கூட்டைப் பிடித்தாள். தரையில் தண்ணீர் சிந்தியிருந்தது. அவள் வெறுங்காலோடு நின்றாள். நான் பின்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று பதினான்கு. சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

முதல் நாள் ஸ்டேஷனில் உங்களிடம் எனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். அதைக் கிழித்துவிடுங்கள். இணைப்பை மாற்றியது நான். டைமரை மாற்றியது நான். கூட்டில் கரண்ட் வருவதும் தெரியும். ஆனால் எறும்புக்கடி அளவுதான் இருக்கும், "ஐயோ" என்று கையை உதறிவிட்டு என்னை இரண்டு அடி போடுவாள் என்று நம்பினேன். இதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.

மச்சான் வாரம் ஒருமுறை வந்து உட்காருகிறார். கடைசியாக என்ன சொன்னாள் என்று கேட்கிறார். "எவ்வளவு அழகா இருக்கு" என்றாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். அதைக் கேட்டால்தான் அவர் ஒரு வாய் சாப்பிடுகிறார். அவள் அப்படிச் சொல்லவில்லை. விளக்கு எரிவதற்குச் சற்று முன்பு தலையைத் திருப்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"என்னடா இது, வீட்டுக்குள்ள ரப்பர் செருப்பு?"