புளிக்கு டிக் போட்டது யார்

அமெரிக்காவில், பிளசன்டன் ஊர் இந்தியக் கடையில், பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு தோழிகள். ஒருத்தி சொன்னாள்:

“இந்தப் புளிக்கு நான் டிக் போட்டேனா, அவர் போட்டாரான்னு தெரியலடி.”

நான் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றேன்.

“உன் வீட்டுக்காரர்தான் ஆபீஸ் வேலையா வெளிநாடு போயிருக்காரே?”

“அங்க கலாட்டா ஆரம்பிச்சதுலேர்ந்து மெசேஜ், கால், எல்லாத்தையும் கவர்ன்மென்ட் பிளாக் பண்ணிட்டாங்க. எங்க ரெண்டு பேர் போன்லயும் இருக்கிற மளிகை லிஸ்ட் ஆப் மட்டும் எப்படியோ ஓடுது. தினம் நான் ஒரு சாமான் எழுதுவேன். அவர் டிக் போட்டா பத்திரமா இருக்கார்னு அர்த்தம்.”

“இன்னிக்கு புளியா?”

“ஆமா. அப்படியே வாங்கிடலாம்னு கார்ட்ல போட்டேன். இப்ப பார்த்தா டிக் இருக்கு. பழக்கதோஷத்துல நானே போட்டுட்டேனோ என்னமோ.”

“லூசு. நேத்து டிக் போட்டார்ல?”

“அது நேத்து.”

“சரி, நீ வாங்கவே முடியாத எதையாவது எழுது.”

அவள் யோசித்து, போனில் ‘யானை’ என்று எழுதினாள்.

கேஷியர் கூப்பிட்டாள். யானை எழுதியவள் என்னை முன்னே போகச் சொல்லிக் கை காட்டினாள். நான் பையோடு வெளியே வரும்போதும் இருவரும் ஓரமாக நின்று, யானையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.